2025 ஆகஸ்டில் நாட்சம்பளம் 1,350 ரூபா. அம்மாவின் கைக்கு மாதம் 17,500 மட்டும் ஏன்?

கேட்டிருப்பவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் தங்கச்சி. அவருடைய அம்மா நுவரெலியா மாவட்டத்தில் ஒரு கம்பனித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். 2025 ஆகஸ்டில் 22 நாள் தேயிலை மலைக்கு வேலைக்குப் போயும் கைக்கு வந்தது 17,500 ரூபா. "ரேடியோவில் ஒரு நாளைக்கு 1,350 என்கிறார்கள். மீதி எங்கே? யாரிடம் கேட்பது? இப்போது தேயிலையைப் பிரித்துத் தருகிறோம், கையெழுத்துப் போடு என்று வேறு சொல்கிறார்கள். போடலாமா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, நீங்கள் எழுதி அனுப்பிய சீட்டுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நமது ஆட்கள் சம்பளச் சீட்டில் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். விஷயமெல்லாம் மேலே இருக்கிறது.

அம்மா மலைக்குப் போனது 22 நாள். ஆனால் சீட்டில் போட்டிருக்கும் பேர் பதினேழரை. தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவுப் பதிவில், ஒரு பேர் விழும். தோட்டம் கேட்கிற கிலோ வராவிட்டால் அரைப்பேர். அம்மாவுக்கு 13 முழுப்பேர், 9 அரைப்பேர். 9 அரைப்பேர் நாலரைப் பேர், மொத்தம் பதினேழரை. அதை 1,350ஆல் பெருக்கினால் 23,625 ரூபா. 22 நாளும் முழுப்பேர் விழுந்திருந்தால் 29,700. வித்தியாசம் 6,075 ரூபா. உங்கள் வீட்டில் காணாமல் போன காசின் பெரிய பங்கு இதுதான்.

அடுத்தது கழிவுகள். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 1,890 ரூபா. இது போனதல்ல, அம்மாவின் பெயரில் சேர வேண்டியது. தீபாவளி முற்பணத் தவணை 2,500. சங்கச் சந்தா, கோயில், டோபி, தேயிலைத் தூள் என்று மற்றவை 1,735. எல்லாம் போக 17,500. கூட்டலில் பிழை இல்லை. நீங்கள் சண்டை பிடிக்க வேண்டிய இடம் அந்த 9 அரைப்பேர்.

நாட்சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. அந்தச் சம்பளத்துக்கு எத்தனை கிலோ, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அது சம்பளம். மலையகத்தில் பத்து வருடமாக நாட்கூலித் தொகைக்காகப் போராடினோம், மேடை போட்டோம். மற்ற இரண்டும் அந்த நேரத்தில் கையை விட்டுப் போய்விட்டன.

அது எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானமானது. ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனம். மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. 2013இல் அடிப்படைச் சம்பளம் 450. வேலைக்கு வந்ததற்கான வரவுக் கொடுப்பனவு, தேயிலை விலையோடு சேர்ந்த விலைப் பங்கு இரண்டும் சேர்த்து 620 என்று அறிவித்தார்கள். 2016 ஒக்டோபரில் 730 என்றார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500, விலைப் பங்கு 30, வரவுக்கு 60, கேட்ட அளவு கொழுந்துக்கு 140. வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்கு வராவிட்டால் வரவுக் காசு இல்லை. கேட்ட கிலோ வராவிட்டால் 140 இல்லை. சுகமில்லாமல் நாலு நாள் படுத்த ஒரு பெண்ணுக்கு 730 என்பது வெறும் பேச்சு. 2019 ஜனவரியில் அடிப்படையை 700 ஆக்கி, வரவுக் காசையும் கொழுந்துக் காசையும் எடுத்துவிட்டு, விலைப் பங்கு 50 சேர்த்து 750 என்றார்கள். மொத்தத் தொகை 20 ரூபாதான் கூடியது. ஆனால் அடிப்படை கூடியதால் சேமலாப நிதிக் கணக்கும் கூடியது. அந்த ஒப்பந்தத்தை அன்று எல்லோரும் திட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் அது முந்தியதைவிட நல்ல ஒப்பந்தம் என்றே நான் இன்றும் சொல்வேன்.

பிறகு 1,000 ரூபாக் கோரிக்கை. கம்பனிகள் மறுத்தபோது விஷயம் சம்பளச் சபைக்குப் போனது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி தொழிலாளர் பிரதிநிதிகளும் முதலாளிமார் பிரதிநிதிகளும் அரசு நியமிப்பவர்களும் உட்கார்ந்து ஒரு தொழிலுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் தீர்மானிக்கும் சபை அது. அந்தச் சட்டம் வந்ததற்கு முந்தின வருடம், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். குறைந்தபட்சச் சம்பளம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

2021 மார்ச்சில் 900 ரூபாவும் வரவு செலவு நிவாரணக் கொடுப்பனவு 100 ரூபாவும் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. கொடுத்தார்கள். ஆனால் அதோடு கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகினார்கள். அப்போது நம்மில் பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆயிரம் கிடைத்த சந்தோஷம். ஒப்பந்தத்தில் சம்பளத் தொகை மட்டுமா இருந்தது? எத்தனை கிலோ என்பதைத் தோட்ட மட்டத்தில் பேசித் தீர்க்கும் வழக்கம், பிணக்கு வந்தால் யார் யாரோடு பேசுவது என்ற ஒழுங்கு எல்லாம் அதைப் பிடித்துத்தான் நின்றன. அது போனதும் பல தோட்டங்களில் 16, 18 கிலோ என்று இருந்தது 20க்கும் அதற்கு மேலும் ஏறியது. துரை, அதாவது தோட்ட மனேஜர், சொல்வதுதான் கிலோ. கிலோ வராவிட்டால் அரைப்பேர், இல்லாவிட்டால் கிலோக் கணக்கில் கைக்காசு.

அதே வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. வருடக் கடைசிக்குள் அதை விலக்கிக்கொண்டாலும், பசளை காணாத தேயிலை எப்படி இருக்கும் என்று அம்மாவைக் கேளுங்கள். கொழுந்து குறைந்த வருடத்தில் கேட்ட கிலோ கூடியது. புல்லு வெட்டாத, இடுப்பளவு காடு ஏறின மலையில் நின்றுகொண்டு 20 கிலோ எடு என்றால், அந்தப் பெண்ணின் கை வேகத்திலா குறை?

நிறுவையையும் பார்க்க வேண்டும். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று கழிக்கிறார்கள். தடவைக்கு 2 கிலோ கழித்தால் நாளைக்கு 6 கிலோ. தோட்டம் கேட்பது 18 என்றால் அம்மா எடுக்க வேண்டியது 24. அந்த 6 கிலோவும் லொறியில் ஏறித் தொழிற்சாலைக்குத்தான் போகிறது, தூளாகித்தான் வருகிறது. சாக்கின் நிறை 2 கிலோ இல்லை என்பது நிறுக்கிற கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். மழை நாளில் ஈரத்துக்குக் கொஞ்சம் கழிப்பதில் நியாயம் உண்டு. வெயில் எரிக்கும் பகலில் அதே 2 கிலோவை எதற்காகக் கழிக்கிறார்கள்?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். சம்பளச் சபை தீர்மானிப்பது வழமையான ஒரு வேலை நாளுக்கான சம்பளத்தை. வேலை நேரத்தை வைத்துத்தான் அந்த நாளை எண்ணுகிறார்கள், கொழுந்தின் நிறையை வைத்து அல்ல. அம்மா காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு)ப் போய், மலை ஏறி, முழு வேலை நேரமும் நின்று, பின்னேர நிறுவையும் முடித்து இறங்கினார் என்றால் அவர் ஒரு நாள் வேலை செய்திருக்கிறார். அதற்கு 675 ரூபா கொடுப்பது குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறைவாகக் கொடுப்பது. பாதி நாளில் இறங்கி வந்தவருக்கு அரைப்பேர் போடுவது வேறு விஷயம். கம்பனித் தரப்பு இதை இப்படி ஒப்புக்கொள்ளாது. கேட்ட அளவு வேலை முடிந்தால்தான் நாள் என்று வாதாடும். அப்போது இன்னொரு சட்டத்தையும் எடுத்து வையுங்கள்: 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம். அது தேயிலைக்கு மட்டுமான சட்டம் அல்ல. 2025 ஏப்ரலிலிருந்து அதன்படி மாதம் 27,000, நாளைக்கு 1,080 ரூபா. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளைக்கு 1,200. எட்டு மணி நேரம் மலையில் நின்றவருக்கு 675 என்பது இந்தச் சட்டத்துக்குள் வரும் யாருக்கும் கொடுக்கக் கூடாத தொகை. (கடையில் நிற்கும் உங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். உங்கள் சம்பளத்தையும் இந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். கொழும்பு வீடுகளில் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகளை இந்தச் சட்டம் 2016இல் வந்தபோதே வெளியே விட்டுவிட்டது. அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.)

குறைந்த சம்பளத்துக்கு நானே சம்மதித்தேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. அதேபோல, சேமலாப நிதி போலச் சட்டமே வெட்டச் சொல்வது தவிர, மற்றக் கழிவுக்கு, சட்டம் அனுமதித்ததானாலும், தொழிலாளியின் சம்மதம் வேண்டும். கோயிலுக்கு, டோபிக்கு என்று வெட்டுவதற்கு அம்மா எப்போதாவது சம்மதம் கொடுத்தாரா என்று கேட்டுப் பாருங்கள். பல பேருக்கு, மாமியார் காலத்திலிருந்து வெட்டுகிறார்கள் என்பதுதான் பதில்.

கம்பனிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். உற்பத்திச் செலவில் பெரும் பங்கு கூலி. வெளிநாட்டுத் தோட்டங்களில் ஒரு ஆள் எடுக்கும் கொழுந்து இங்கே எடுப்பதைவிட அதிகம். ஏலத்தில் விலை நம் கையில் இல்லை என்பார்கள். முதல் இரண்டும் பொய்யல்ல. ஆனால் 2022இல் ரூபா விழுந்தபோது கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை முந்தின வருடத்தைப் போல இரண்டு மடங்கானது. அதே வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் என்ன விலை விற்றன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலம் முழுக்க, 2021 மார்ச்சிலிருந்து 2024 செப்டெம்பர் வரை, மூன்றரை வருடம் நாட்சம்பளம் 1,000 ரூபாவிலேயே நின்றது. விலை ஏறியபோது பங்கு கொடுக்காதவர்கள் விலை இறங்கும்போது மட்டும் பங்கு கேட்கிறார்கள். ஒரு ஆள் எடுக்கும் கொழுந்து குறைவு என்பதற்கும், பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடாமல் விட்டது யார் என்ற கேள்வி இருக்கிறது.

1,350 வந்த கதையும் சுலபமல்ல. 2024 ஏப்ரல் கடைசியில் 1,700 என்று வர்த்தமானி வந்து மே தின மேடையிலும் அறிவித்தார்கள். கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. வர்த்தமானி திரும்பப் பெறப்பட்டது. மறுபடி சம்பளச் சபை கூடி, செப்டெம்பரில் 1,350 என்றும், மேலதிகக் கொழுந்துக்குத் தனியாகக் காசு என்றும் முடிந்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஜனவரியிலிருந்து கம்பனிகள் 1,550 கொடுக்க வேண்டும், வரவுக்காக அரசு 200 சேர்க்கும், ஆக 1,750 என்று அறிவித்தார்கள். அந்த 200ஐயும் கவனமாகப் பாருங்கள். வேலைக்கு வந்தால்தான் வரவு. தோட்டம் வாரத்தில் நாலு நாள்தான் வேலை கொடுத்தால் அம்மா எங்கே போய் வரவு காட்டுவது? வறட்சி மாதங்களில் கொழுந்து இல்லை என்று வேலையைக் குறைப்பார்கள். ஞாயிறு, போயா நாளில் கூப்பிட்டால் ஒன்றரை நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதால், அந்த நாட்களில் மட்டும் பேர் போடாமல் கைக்காசுக்கு எடுக்கச் சொல்வார்கள். கைக்காசில் கிலோவுக்கு எவ்வளவோ அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் அதற்குச் சேமலாப நிதி போடுவதில்லை.

இனி யாரிடம் கேட்பது என்பது. முதலில் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் தேதி, எந்த மலை, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினார், மூன்று நிறுவையிலும் தராசு காட்டியது எவ்வளவு, கணக்கில் எழுதியது எவ்வளவு, முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதட்டும். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் பின்னேரம் தம்பி தங்கை யாராவது கேட்டு எழுதலாம். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய நாளையும் எழுத வேண்டும். சீட்டை ஒவ்வொரு மாதமும் போனில் படம் பிடித்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு கொடுக்கவில்லை என்றால் அதுவே ஒரு முறைப்பாடு. செக்ரோல் துரையின் கையில் இருக்கிறது. இந்தக் கொப்பி இல்லாவிட்டால் அம்மாவின் பக்கம் பேச எதுவும் இல்லை.

பிறகு தோட்டத்துச் சங்கத் தலைவர் மூலமாகத் துரைக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றில் கையொப்பம் வாங்குங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு பிரட்டுக் களத்தோடு முடிந்துவிடும். சங்கம் தூங்கினால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பிரதேசத் தொழில் அலுவலகத்தில் யாரும் நேரடியாக முறையிடலாம், தமிழிலேயே எழுதலாம். குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறைவாகக் கொடுப்பது குற்றம். தொழில் அதிகாரி தோட்டத்துக் கணக்குப் புத்தகங்களை வரவழைத்துப் பார்க்கலாம். வழக்கு நீதவான் முன் போனால் தண்டத்தோடு குறைந்த தொகையையும் கட்டச் சொல்லலாம். முடிந்த வரை தனி ஆளாகப் போகாதீர்கள். ஒருத்தி முறையிட்டால் அடுத்த நாள் அவளைக் கல்லும் முள்ளுமான மலைக்கு அனுப்புவார்கள், அப்புறம் அங்கேயும் கிலோ வரவில்லை என்று அரைப்பேர். ஒரே கொழுந்துக் கூட்டத்திலிருந்து பத்துப் பேர் ஒரே மாதக் கணக்கோடு போனால் அதைச் செய்வது கஷ்டம்.

சேமலாப நிதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அம்மாவிடம் 8 வீதம் வெட்டினால் தோட்டம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும்; அதில் அம்மாவின் காசு ஒரு சதமும் வராது. சீட்டில் வெட்டியிருப்பதற்கும் மத்திய வங்கிக் கணக்கில் விழுந்திருப்பதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். ஜனவசம போன்ற அரசுத் தோட்டங்களிலேயே இந்த நிலுவை பாராளுமன்றம் வரை போன பிரச்சினை. அங்கத்தவர் இலக்கம், அடையாள அட்டை இரண்டையும் கொண்டு மீதி எவ்வளவு என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர் என்பது நமது தோட்டங்களில் சாதாரணம். அதை ஓய்வு பெறும் நாளில் திருத்த ஓடுவதைவிட இன்று திருத்துவது சுலபம். சேவைக்காலப் பணமும் இருக்கிறது: ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு, நாட்கூலிக்காரர் என்றால், சேவை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய நாட்சம்பளத்தை வைத்துத்தான் அதைக் கணக்குப் பார்ப்பார்கள்.

கடைசிக் கேள்வி, கையெழுத்துப் போடலாமா என்பது. தேயிலையைப் பிரித்துக் கொடுப்பதை வெளியாள் உற்பத்தி முறை என்கிறார்கள். குடும்பத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐநூறு மரம் என்று ஒதுக்கி, பராமரித்துக் கொழுந்தைத் தோட்டத்துக்கே கொடு, கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்பார்கள். நல்ல மலையும் வீட்டில் இரண்டு மூன்று உழைக்கிற கையும் உள்ள குடும்பங்கள் இதில் கூடுதலாகச் சம்பாதித்ததும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து அம்மா தொழிலாளி இல்லை என்று தோட்டம் சொல்லும். நாட்சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலக் கணக்கு, பிள்ளைப் பேற்றுக் காசு எல்லாம் தொழிலாளிக்கு உள்ளவை. அம்மாவின் பேர் செக்ரோலில் தொடர்ந்து இருக்குமா, மாதத்தில் எத்தனை நாள் பேர் போட்டு வேலை, பசளைக்கும் மருந்துக்கும் காசு யாருடையது, கிலோ விலையை யார் எப்போது மாற்றலாம், நிறுவைக் கழிவு எவ்வளவு, லயத்து வீட்டுக்கு இதனால் ஏதாவது பாதிப்பு உண்டா, இதுவரையான சேவைக்காலப் பணத்தை எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தமிழில், தோட்டத்தின் முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். சிங்களத்திலோ இங்கிலீஷிலோ உள்ள ஒப்பந்தத்தைக் கங்காணி வாயால் விளக்கினால் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று அம்மா பிரதியைக் கேட்கட்டும். அதைத் தர மறுத்தால், மறுத்த தேதியையும் மறுத்தவரின் பெயரையும் அந்தக் கொப்பியில் எழுதிவிட்டு, அதை எனக்கோ தொழில் அலுவலகத்துக்கோ காட்டிய பிறகு, போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.